களவு முடியாத மலை: குடும்பப் படத்தில் ஒளிந்து வாழும் தன்பாலீர்ப்பாளனை எழுதுவது எப்படி?

குன்னூரில் குடியிருப்பதால் 'மலையில் நடக்கும் கதை' என்று யார் எழுதினாலும் அது எப்படியோ என் மேசைக்கு வந்துவிடுகிறது. அண்மைக் காலமாக அந்தத் திரைக்கதைகளில் தன்பாலீர்ப்பு கொண்ட ஒரு மகனோ அண்ணனோ இருக்கிறான். மகிழ்ச்சிதான். ஆனால் பெரும்பாலும் அவன் ஒரே அச்சில் வார்த்தவன். அறுபதாவது காட்சிவரை அதிகம் பேசாத நல்ல பையன். கொஞ்சம் சமைப்பான், கொஞ்சம் படம் வரைவான். பிறகு அடைமழை, ஒரு செல்போன், அதில் ஒரு புகைப்படம். அப்பா அறைகிறார், அம்மா சுவரில் சாய்கிறாள், பையன் தன் நியாயத்தை இரண்டு பக்க வசனமாகப் பேசிவிட்டுப் பஸ் ஏறுகிறான்.

இப்படி எழுதுபவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, வருத்தம் உண்டு. வீடு அவனை மறைத்ததைவிட அதிகமாக எழுத்தாளரே மறைத்துவிடுகிறார். குடும்பக் கதையை மர்மக் கதைபோல் எழுதினால் வரும் வினை இது. கீழே நான் சொல்வது வேறொரு வழி. உதாரணத்துக்காக ஒரு கதையையும் கூடவே கட்டிக்கொண்டு போகிறேன். நீலகிரிக் கதை, என் கற்பனை. அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன்: இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது

ஆங்கிலக்காரன் இந்த வாழ்வை அலமாரிக்குள் இருப்பதாகச் சொல்கிறான். நம் வீட்டில் அலமாரிச் சாவி அம்மாவின் முந்தானையில் இருக்கும். பையனுக்கென்று தனி அறையே கிடையாது, இருந்தால் அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆகவே அந்த உவமை நமக்கு உதவாது.

நம் மரபில் மறைந்த காதலுக்குக் களவு என்று பெயர். அதன் நிலம் குறிஞ்சி, மலை. அதன் பொழுது யாமம், பருவம் கூதிரும் முன்பனியும். ஐப்பசி கார்த்திகையில் இரவு பதினொரு மணிக்குக் குன்னூர்ச் சரிவில் நின்று பார்த்தவருக்கு இந்த இலக்கணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊர் முணுமுணுத்தால் அது அலர். சந்தேகம் வந்து வீட்டோடு அடைத்தால் இற்செறிப்பு. தோழி துணிந்து வாயைத் திறந்தால் அறத்தொடு நிற்றல். கிளம்பிப் போய்விட்டால் உடன்போக்கு. சங்கக் கவிதைகள் ஆணையும் பெண்ணையும் பற்றிப் பாடியவை என்பது எனக்குத் தெரியும். நான் கடன் வாங்குவது கதையின் எலும்புக்கூட்டை மட்டுமே. ஐந்து சொற்களில் ஐந்து திருப்பங்கள் கிடைக்கின்றன.

ஆனால் ஓர் இடத்தில் கடன் செல்லாது. அந்தக் களவு கற்பில் போய் முடியும், ஊரறியத் திருமணம் நடக்கும். நம் கதாபாத்திரத்துக்கு அந்தக் கதவு இல்லை. உங்கள் திரைக்கதையின் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 'எப்போது தெரியவரும்' என்பதைச் சுற்றிப் படத்தைக் கட்டாதீர்கள். 'தெரிந்த பிறகு எங்கே உட்காரவைப்பார்கள்' என்ற கேள்வி இதைவிடப் பத்து மடங்கு கனமானது.

இன்னொரு வசதியும் உண்டு. அகப்பாட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. தொல்காப்பியம் விதித்த கட்டுப்பாடு அது. முதல் வரைவைப் பெயர் வைக்காமல் எழுதிப் பாருங்கள். அப்பா, அம்மா, அத்தை, தங்கை, அண்ணன், அவன் நண்பன் என்று எழுதும்போது, யாருக்கு யார் என்ன முறை என்பது மட்டும் மிஞ்சும். முறை சொல்ல முடியாமல் நிற்பவன் அந்த நண்பன் ஒருவனே என்பது அப்போது தானாகக் கண்ணில் படும்.

முதல் படி: பார்வையாளருக்கு முதலில் சொல்லிவிடுங்கள்

முதல் பத்து நிமிடத்துக்குள் அரங்குக்குத் தெரிந்துவிட வேண்டும். வீட்டுக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்ற நிலையில்தான் பார்வையாளர், பெண் பார்க்கும் காட்சியில் மிக்சர் தட்டு நீளும்போதுகூட நெளிவார். தெரியாமல் பார்த்தால் அது வெறும் மிக்சர்.

இரண்டாம் படி: யாருக்கு எது தெரியும் என்று கணக்கெழுதுங்கள்

இதை உண்மையாகவே ஒரு தாளில் எழுத வேண்டும். அறத்தொடு நிற்றலுக்கு ஒரு வரிசை உண்டு. தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் மகன்களிடமும். செய்தி படிப்படியாக மேலே ஏறும். நம் கதையில் தங்கைதான் தோழி. அவனைத் தூக்கி வளர்த்த, கணவனை இழந்து அண்ணன் வீட்டோடு தங்கிவிட்ட அத்தை செவிலி. பிறகு அம்மா. கடைசியில் அப்பா.

இப்போது அந்த வரிசையைக் குலைத்துவிடுங்கள். செய்தி ஏறவில்லை, நால்வரும் தனித்தனியே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வையுங்கள். மற்ற மூவருக்கும் தெரியாது என்று ஒவ்வொருவரும் நம்புகிறார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று ஒரே பாத்திரத்தை மூடிப் பிடித்திருக்கிறார்கள். அவன் மட்டும், தான் தனியாக மூடிக்கொண்டிருப்பதாக நினைக்கிறான். நான் பார்த்த தமிழ்க் குடும்பங்களில் மௌனம் இப்படித்தான் வேலை செய்கிறது. அதற்குப் பல கைகள் வேண்டும்.

ஒவ்வொருவரும் எப்படி அறிந்தார் என்பதற்கு ஒரு பொருள், ஒரே ஒரு பொருள் கொடுங்கள். அம்மாவுக்கு நான் கொடுப்பது ஒரு ஸ்வெட்டர்.

அவன் மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள் விடுப்பில் அந்த நண்பனைப் பார்க்கக் கோயம்புத்தூர் போகிறான். குன்னூர் ஆறாயிரம் அடி உயரம். பஸ் மலைப்பாதையில் இறங்க இறங்கக் குளிர் கழன்றுகொண்டே வரும். பர்லியாறு தாண்டும்போது ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணிப்பான். கல்லாறு வரும்போது அடைத்த காது படக்கென்று திறக்கும், பஸ்ஸின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்கும். திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். வீட்டுக்கு வந்ததும் அம்மா துவைக்கத் துணி எடுக்கிறாள். பையின் அடியில் ஸ்வெட்டர். அவன் எப்போதும் சுருட்டித்தான் வைப்பான். இது கைகள் உள்ளே மடிக்கப்பட்டு, துணிக்கடையில் அடுக்குவதுபோல் நான்காக மடிந்திருக்கிறது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு உதறி, அவன் வழக்கப்படியே சுருட்டி, பையில் திரும்ப வைத்துவிட்டு, "துவைக்க ஒன்றும் இல்லையா?" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள்.

வசனமே தேவைப்படாத காட்சி இது. அவள் துப்பறிந்தாள், தடயத்தையும் அழித்தாள். இரண்டையும் இருபது நொடிக்குள் செய்துவிட்டாள்.

மூன்றாம் படி: ஆண்டைக் குறியுங்கள்

'இன்றைய காலம்' என்று பொதுவாக எழுதினால் அச்சத்தின் அளவு தவறிவிடும். நம் அண்ணனுக்கு 33 வயது, கதை நடப்பது 2024 ஐப்பசியிலிருந்து 2025 தை வரை என்று வைப்போம். அப்படியானால் அவன் பிறந்தது 1991. அந்த ஆண்டுக்கும் வயதுக்கும் பக்கத்தில் சட்டத்தை எழுதுங்கள்.

தன்பாலின உறவையும் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவு 1860-இல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தில் வந்தது. வயதுவந்த இருவர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவைக் குற்றமாக்கியது செல்லாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலையில் தீர்ப்பளித்தபோது அவன் கல்லூரியில் சேர்ந்துகொண்டிருந்த பதினெட்டு வயதுப் பையன். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து அவனை மீண்டும் குற்றவாளியாக்கியபோது 22. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தக் குற்றத்தை நீக்கியபோது 27. தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க முடியாது என்று அதே உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று சொன்னபோது 32. கதவு திறந்தது, சாத்தியது, திறந்தது, பாதியில் நின்றது. இவன் ஏன் எந்த நல்ல செய்தியையும் உடனே நம்புவதில்லை என்பதற்கு வேறு பின்கதை வேண்டுமா?

தமிழ்நாட்டுக்கென்று ஒரு கிளைக்கதையும் உண்டு. மதுரையிலிருந்து வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு பிறப்பித்தார். தனக்கே இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணர் ஒருவரிடம் அமர்ந்து பேசிவிட்டு எழுதிய உத்தரவு அது. ஒரு குடும்பப் படத்தின் அப்பா பாத்திரத்துக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. பெரிய மனிதர் ஒருவர், 'எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்' என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்.

நம் கதை தையில் முடிந்துவிடுகிறது. அதற்குச் சில மாதங்கள் கழித்து, 2025 மே மாதம், திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லும். கதாபாத்திரங்களுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு எழுதினால் கடைசிக் காட்சியில் நம்பிக்கையின் அளவு சரியாக விழும்.

ஒரு எச்சரிக்கை. கொடைக்கானலில் நீலக்குறிஞ்சி பூத்ததும் 2018, தீர்ப்பு வந்ததும் 2018. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் பூ. கை அரிக்கும். எழுதாதீர்கள். அந்த உவமையைப் பார்வையாளர் உங்களுக்கு முன்னாலேயே யோசித்து முடித்திருப்பார்.

நான்காம் படி: ஒளிவதற்கான அன்றாட வேலையைக் காட்டுங்கள்

ஒளிந்து வாழ்வது ஒரு வேலை. அதற்கு நேரம், பணம், நினைவாற்றல் மூன்றும் செலவாகும். எந்தப் பொய்யை யாரிடம் சொன்னோம் என்று நினைவில் வைக்க வேண்டும். அந்தக் களைப்பு திரையில் தெரிய வேண்டும்.

மலைச் சிற்றூர்கள் இந்த வேலையை இரட்டிப்பாக்கும். மூடுபனி மறைத்துவிடும் என்று சமவெளிக்காரர்கள் எழுதுகிறார்கள். மூடுபனி உருவத்தை மறைக்கும், குரலை மறைக்காது. சரிவில் மேல்வரிசை வீட்டில் பேசுவது கீழ்வரிசை வீட்டுக்குக் கேட்கும். கண்டக்டருக்கு அவனைத் தெரியும், டீக்கடைக்காரருக்கு அவன் அப்பாவைத் தெரியும், விடுதி வரவேற்பறையில் இருப்பவன் அவனோடு எட்டாம் வகுப்பு படித்தவன்.

நண்பன் மலைக்கு வருவதையும் அவ்வளவு எளிதாக எழுதிவிடாதீர்கள். நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ் வேண்டும். வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்கல் என்று நிரப்ப வேண்டும். டிஎன் 43 என்ற உள்ளூர்ப் பதிவெண் இருந்தால் தேவையில்லை, அரசுப் பேருந்தில் வந்தாலும் தேவையில்லை. சுற்றுலாப் பயணிக்கு இது இரண்டு நிமிட வேலை. நம் நண்பனோ 'எங்கே தங்கல்' என்ற கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் காரை வீட்டில் விட்டுவிட்டு மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறுகிறான். இந்தச் சின்னக் காட்சி உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. மலையை அழகான திரைச்சீலையாக மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார்.

தொழிலும் ஒளிவுக்கு ஏற்றதாக இருக்கட்டும். நான் அவனைத் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு முறை மேற்பார்வையாளராக வைக்கிறேன். பகலில் பறித்த இலை காத்திருக்காது. வாட வேண்டும், அரைபட வேண்டும், நொதிக்க வேண்டும், உலர வேண்டும். இராத்திரி முழுவதும் இயந்திரம் ஓடும். வீட்டார் தூங்கும்போது விழித்திருக்கவும், அவர்கள் விழித்திருக்கும்போது தூங்கவும் ஊதியத்தோடு அனுமதி கொடுக்கும் வேலை அது.

ஐந்தாம் படி: கல்யாணக் கடிகாரத்தை ஓடவிடுங்கள்

குடும்பப் படத்துக்கு வில்லன் வேண்டாம், முகூர்த்த நாள் போதும்.

முப்பது வயதைத் தாண்டிய மூத்த மகன் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லும் காரணங்களை வரிசைப்படுத்துங்கள். வேலை நிரந்தரமாகட்டும். வீட்டுக்கடன் முடியட்டும். ஜாதகத்தில் செவ்வாய். எல்லாவற்றையும்விட உறுதியான அரண், 'முதலில் தங்கைக்கு முடியட்டும்'. இதை மறுத்துப் பேச ஊரில் எவருக்கும் வாய் வராது. பொறுப்பான அண்ணன் என்று பாராட்டுகூடக் கிடைக்கும்.

ஆகவே தங்கையின் கல்யாணத்தை நிச்சயிக்கும் அன்று படத்தைத் தொடங்குங்கள். அவளுக்கு மணமாகும் நாளே அவன் அரண் இடியும் நாள். அவளுக்காக உண்மையாகவே மகிழ்கிறான், அதே நேரத்தில் நாட்களை எண்ணி நடுங்குகிறான். ஐப்பசியில் நிச்சயம், மார்கழியில் யாரும் கல்யாணம் பேசமாட்டார்கள், தையில் முகூர்த்தம். மார்கழி என்ற அந்த முப்பது நாள் இடைவெளி உங்களுக்குக் கிடைத்த பரிசு. பனி கொட்டும், ஊட்டிப் பக்கம் புல்வெளியில் உறைபனி படியும், வீட்டில் பேச்சு இருக்காது. மாப்பிள்ளையின் அம்மா, "தங்கச்சிக்கு முடிந்ததும் மூத்தவருக்குத்தானே? எங்கள் பக்கத்திலேயே ஒரு பெண் இருக்கிறது" என்று நிச்சயத்தன்றே விதைத்துவிட்டுப் போனது மண்ணுக்குள் முளைத்துக்கொண்டிருக்கும்.

அவனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதாக எழுதப் போகிறீர்களா? அப்படியானால் பாதிப் படத்தை அந்த மனைவிக்குக் கொடுங்கள். அவள் காலத்தையும் உடலையும் யாரோ கேட்காமல் எடுத்துச் செலவழித்திருக்கிறார்கள். அவளை அழுதுவிட்டு மன்னிக்கும் தெய்வமாக்கும் திரைக்கதைகளை நான் பாதியிலேயே மூடிவிடுகிறேன்.

ஆறாம் படி: அந்தச் சொல்லை யாரும் சொல்ல வேண்டாம்

தன்பாலீர்ப்பாளர், பால்புதுமையர் போன்ற சொற்கள் இன்று ஏடுகளில் புழங்குகின்றன. நீதிமன்ற உத்தரவையொட்டித் தமிழ்நாடு அரசும் 2022-இல் மதிப்பான சொற்களின் பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. பத்திரிகையாளருக்கும் அதிகாரிக்கும் அது அவசியம். ஆனால் குன்னூரை அடுத்த கேத்தியில் ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கும் அப்பாவின் வாயில் அந்தச் சொற்களை வைத்தால் அவர் அறிவிப்பாளராகிவிடுவார். வசைச் சொற்களையும் வைக்க வேண்டாம். இந்த வீட்டில் சொல்லே கிடையாது. அது இருக்க வேண்டிய இடத்தில் சாப்பாடும் பஸ் நேரமும் உட்கார்ந்திருக்கின்றன.

"அந்தத் தம்பி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாரா?"

அம்மா கேட்கும் இந்த ஒரு வரியில் 'தம்பி'யும் இருக்கிறது, 'ஆர்' விகுதியும் இருக்கிறது. மகனின் சாதாரணக் கூட்டாளி என்றால் 'சேர்ந்தானா' என்றிருப்பாள். மரியாதை கூடியிருப்பதை அவன் கவனிக்க வேண்டும், கவனித்ததைக் காட்டிக்கொள்ளக் கூடாது. படப்பிடிப்பில் இந்த வரியைப் பேச்சு வழக்குக்கு மாற்றுவீர்கள். அப்போதும் மரியாதையைக் கை நழுவ விடாதீர்கள்.

ஏழாம் படி: அறத்தொடு நிற்கும் காட்சி

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. அறைதல், கதறல், மழை. நான் இதை ஓர் அழைப்பிதழில் வைக்கிறேன்.

முதலில் அப்பா. ஊட்டி இந்து நகரில் மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. 1960-இல் தொடங்கி, கறுப்பு வெள்ளைப் படச்சுருளும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்த தொழிற்சாலை. 1990-களில் நலிந்து, பிறகு மூடப்பட்டுவிட்டது. மலையில் எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தன. ஃபிலிமில் ஒளி பட்டால் அது பாழ். ஆகவே முக்கியமான வேலைகள் இருட்டில்தான் நடக்கும். அப்பாவை அங்கே வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவராக வையுங்கள். இருட்டில் கையால் வழி அறிந்தவர். எதிரே வருபவர் மேல் மோதாமல் இருக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டே நடப்பவர். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. பின்கட்டுக்கு வரும்போது, நடையிலிருந்தே இரண்டு செருமல் கேட்கும். மகன் போனைக் காதிலிருந்து எடுத்துவிடுவான்.

இப்போது அழைப்பிதழ். அச்சகத்திலிருந்து திருத்தப் படி வருகிறது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே சித்தப்பா, மாமா, தாய்மாமன் என்று பெயர்கள். தங்கை போனில் சொல்லிக் கடைசியில் ஒரு பெயரைச் சேர்த்திருக்கிறாள், நண்பனின் பெயர். பெயருக்குப் பின்னால் முறை எதுவும் இல்லை. அண்ணனுக்கு இது தெரியாது. படியை மேசையில் விரித்து, பழைய பூதக்கண்ணாடியை வைத்து எழுத்தெழுத்தாகப் பார்க்கிறார் அப்பா. படச்சுருளில் புள்ளி பார்த்த கண். கண்ணாடி பட்டியலில் இறங்குகிறது. அண்ணன் எதிரில் நின்று தலைகீழாகப் படித்துக்கொண்டே வருகிறான். கடைசிப் பெயருக்கு வருமுன் அவனுக்குப் புரிந்துவிடுகிறது. தங்கையைப் பார்க்கிறான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். கண்ணாடி நிற்கிறது.

அப்பா சிவப்புப் பேனாவைத் திறக்கிறார். பெயரை அடிக்கப் போகிறார் என்று அண்ணனும் நினைக்கிறான், நாமும் நினைக்கிறோம். முதல் எழுத்தைச் சுழித்து, பக்கத்தில் வேறோர் எழுத்தை எழுதுகிறார்.

"இனிஷியல் தப்பு" என்கிறார். "'கே' இல்லை, 'ஜி'."

பேனாவை மூடிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போகிறார். அந்தப் பையனின் இனிஷியல் அவருக்கு எப்படித் தெரியும் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. தங்கையின் கை மட்டும் ஒரு கணம் நின்று, பிறகு உரிக்கிறது.

இதற்குமேல் எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். 'அப்பா ஏற்றுக்கொண்டார்' என்று பார்வையாளர் முடிவுகட்டவும் விடாதீர்கள். அடுத்த காட்சியிலேயே அவர், மூத்தவனுக்குப் பார்த்த பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் எரிந்து விழட்டும். தெரிந்துகொள்வது ஒரு நாள் வேலை. உட்காரவைக்க இடம் கண்டுபிடிப்பது நெடுநாள் வேலை.

எட்டாம் படி: தவிர்க்க வேண்டியவை

தற்கொலை முயற்சியைத் திருப்பமாக வைக்காதீர்கள். சோம்பேறித்தனம் அது, ஆபத்தும்கூட. சிறுவயதில் யாரோ செய்த கொடுமையால் இப்படி ஆனான் என்ற 'காரணம்' வேண்டாம், அது பொய். உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. மகனை மருத்துவரிடம் கூட்டிப்போகும் அம்மா இருக்கலாம், அப்படிப்பட்டவர்கள் நிறைய. ஆனால் 'மாற்றிவிடுகிறேன்' என்று சொல்லும் மருத்துவரைக் கதை நல்லவராகக் காட்டக் கூடாது. 2021 உத்தரவு அதைத் தடுத்தது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

மலைக்கான தவிர்ப்புகளும் உண்டு. படுகர், தோடர், கோத்தர் திருவிழாக்களை உங்கள் நாயகன் சோகமாக நடந்துபோகப் பின்னணியாக்காதீர்கள். அவர்களுக்குத் தனி மொழியும் தனிக் கதைகளும் உண்டு, அவர்கள் வீட்டுக் களவை அவர்களே எழுதட்டும். இலை பறிக்கும் பெண்களைச் சிரிக்கவைத்துப் பாட்டில் சேர்க்காதீர்கள். முதுகில் ஈரக் கூடையோடு யாரும் தானாகச் சிரிப்பதில்லை.

ஒன்பதாம் படி: எடுப்பதற்கு முன் சில கணக்குகள்

குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை வலுவாகப் பெய்யும். ஐப்பசிக் காட்சிகளுக்கு மழை இயந்திரம் வேண்டாம், மாற்று நாட்கள்தான் வேண்டும். மண்சரிந்தால் மலை ரயில் நிற்கும், சாலையும் நிற்கலாம். மூடுபனி கேட்டால் வராது, வேண்டாமென்றால் போகாது. ஒரே உரையாடலை இரண்டு பிற்பகல்களில் பிரித்து எடுத்தால் பின்னணி ஒட்டாது. மே மாதத்தை மறந்துவிடுங்கள், மலர்க்காட்சிக் கூட்டத்தில் கேமரா வைக்க இடமிருக்காது.

தணிக்கைக்குப் பயந்து எழுதும்போதே வெட்டாதீர்கள். 2024-இல் வந்த புதிய விதிகள்படி யுஏ சான்றிதழ் 7, 13, 16 என்று மூன்று வயது வரம்புகளாகப் பிரிந்திருக்கிறது. தொலைக்காட்சி உரிமையை நம்பும் தயாரிப்பாளர் ஏ சான்றிதழ் என்றதும் முகம் சுளிப்பார், அது தொலைக்காட்சிக்குப் போகாது. மேலே சொன்ன கதையில் ஏ வாங்கும்படி என்ன இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். ஸ்வெட்டரா, இனிஷியலா?

கடைசியாக ஒலி. கல்யாணம் முடிந்து, பந்தல் பிரித்த மறுநாள் இரவு, மின்தடை. பின்கட்டுப் படியில் அண்ணன் போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறான். இருட்டில் அப்பா வருகிறார், பக்கத்துப் படியில் உட்காருகிறார். இந்த முறை செருமல் இல்லை. படம் முழுக்க அந்தச் செருமலைப் பார்வையாளர் குறைந்தது ஐந்து தடவையாவது, தூரத்திலிருந்து நெருங்கி வருவதாகக் கேட்டிருந்தால்தான் இது வேலை செய்யும். அதை நடிகரை வைத்துப் படப்பிடிப்பு இடத்திலேயே, அந்த நடையின் எதிரொலியோடு பதிவு செய்யுங்கள். ஒலி வடிவமைப்பவரிடம் கடைசிக் காட்சியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், காட்சி வெறிச்சோடிக் கிடக்கிறதே என்று அவராகவே அங்கேயும் ஒரு செருமலை வைத்துவிடுவார்.